சோபாவின் மறுமுனை

அந்த மேசை நாற்காலிக் கடையில் அவருக்கு வேலையே உட்காருவதுதான். கேட்டால் சிரிப்பீர்கள். உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனையோ ஆபீஸ்களில் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. இவர் உட்கார்ந்தாலாவது ஒரு நாற்காலி விற்றது.

வாடிக்கையாளர் ஒரு நாற்காலியைத் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "தாங்குமா?" என்று இழுப்பார். முதலாளி பதில் சொல்ல மாட்டார். உள்பக்கம் திரும்பி, "டன் அண்ணே, கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுப்பார். குடோன் வாசலை அடைத்துக்கொண்டு அவர் வருவார். ஒரு வார்த்தை பேசாமல் தொப்பென்று உட்காருவார். நாற்காலி ஒரு முனகல் முனகிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். வாடிக்கையாளரும் மூடிக்கொள்வார். அப்புறம் பில் போட வேண்டியதுதான் பாக்கி.

அவர் மனைவி அதே கடைக்கு வீட்டிலிருந்தபடி சோபா உறைகள் தைத்துக் கொடுப்பவள். மெஷினில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவாள். பஸ்ஸில் ஏறினால் தூக்கம், டீ ஆறுவதற்குள் தூக்கம், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். அவளுக்கு அவர் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. யார் வீட்டுக்கு வந்தாலும், "ரெண்டு செங்கல்லைக் குடுத்தாப் போதும், என் வீட்டுக்காரி சாஞ்சு தூங்கிடுவா" என்று சொல்லிச் சிரிப்பார். கொட்டாவிக்கு நடுவில் அவளும் சிரிப்பாள். வீட்டு சோபாவில் அவர் ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனையில் அவள் ஒரு சாண் மேலே எழும்புவாள், அவர் எழுந்தால் கீழே இறங்குவாள். "மாடி இல்லாத வீட்டுல எனக்கு மட்டும் லிஃப்ட்" என்பாள்.

மூட்டு வலி தாளாமல் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எடையைக் குறைக்க டாக்டரம்மா முதலில் சொன்னது பலூன். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. சுருங்கிய பலூன் ஒன்றை வாய் வழியாகக் குழாயில் இறக்கி, வயிற்றுக்குள் வைத்து உப்புநீரை நிரப்பிவிடுவார்கள். பாதி இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து வெளியே எடுத்துவிடுவார்கள், அதற்குள் குறைத்துச் சாப்பிடப் பழகிக்கொள்ள வேண்டும். கேட்க சுலபமாகத்தான் இருந்தது. முதல் சில நாள் குமட்டலில் மனுஷன் பட்ட பாடு சொல்லி மாளாது.

குமட்டல் நின்றதும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. பலூன் என்றால் வெடிக்கும்தானே? டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை, கௌரவம். தொப்பென்று உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டார். இரண்டு கைப்பிடியையும் இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, முட்டைக்கூடை மேல் உட்காருகிறவர் மாதிரி மெதுவாக இறங்குவார். நெற்றியில் வியர்வை வேறு. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"உங்க ஆளுக்கே அந்த நாற்காலி மேல நம்பிக்கை இல்லையே" என்று ஒரு அம்மாள் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். முதலாளி ஒல்லிக்குச்சி, கவலைப்பட்டால் இன்னும் ஒல்லியாகத் தெரிவார்.

"என்ன அண்ணே ஆச்சு உங்களுக்கு? இடுப்பு வலியா?"

"இடுப்பெல்லாம் இல்ல முதலாளி. உள்ள பலூன் இருக்குல்ல. வேகமா உக்காந்து, டமார்னு போயிட்டா?"

முதலாளி போனை எடுத்து டாக்டரம்மாவையே கூப்பிட்டார். மறுபக்கம் டாக்டரம்மா சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. "உக்காரச் சொல்லுங்க. உக்காந்தெல்லாம் அது வெடிக்காது" என்றாள். அன்று சாயங்காலம் டன் அண்ணன் கடையில் இருந்த அத்தனை நாற்காலியிலும் ஒரு தடவை தொப்பென்று உட்கார்ந்து தன் மானத்தை மீட்டுக்கொண்டார்.

எடை கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. ஆனால் பலூன் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டாலும் ஐஸ்கிரீம் உருகி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். பலூன் வெளியே வந்தது. போன எடை, சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

இனி ஆபரேஷன்தான் என்றாள் டாக்டரம்மா. "போனாலும் முழுசாப் போறேன் டாக்டர். என்னைத் துண்டு போட வேணாம்" என்று எழுந்துவிட்டார். சரி, தூக்கப் பரிசோதனையாவது செய்துவிட்டுப் போங்கள் என்று டாக்டரம்மா அனுப்பி வைத்தாள். அந்த அறையிலிருந்த நர்ஸ் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவர் மனைவியிடம்தான் கேட்டாள்.

"தூங்கும்போது இவருக்கு மூச்சு நிக்குதாம்மா?"

"நிக்குமே. நல்லாக் குறட்டை விட்டுட்டே இருப்பார், திடீர்னு ஒண்ணும் இருக்காது. நெஞ்சுல கை வெச்சுப் பார்ப்பேன், ஏறாது. ஒரு தட்டு தட்டினா கெர்ருன்னு இழுத்துட்டு மறுபடி ஆரம்பிப்பார். அதான் கையை எடுக்கறதே இல்ல."

"எவ்ளோ நாளா இப்படி?"

"எங்க பொண்ணு பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து. இப்ப அவளுக்கே கல்யாணம் ஆயிடுச்சு."

"அப்ப நீங்க எப்பதான் தூங்குவீங்க?"

"பகல்ல, அங்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு கொட்டாவி விட்டாள்.

டன் அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சி என்று ஊரைக் கூட்டி வைத்துச் சிரித்தாரே. இத்தனை வருஷமாக, அவர் உயிரை ஒருத்தி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்திருக்கிறாள். அவரோ குறட்டை விட்டிருக்கிறார்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்களே."

அவர் எழுந்து நேராக டாக்டரம்மா அறைக்குப் போனார். "எப்ப வெட்டுறீங்க?" என்று கேட்டார். எடை இறங்கினால் மூச்சு நிற்காதாம், இவள் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக வயிறு என்ன வயிறு என்று தோன்றிவிட்டது.

முதலாளிதான் புலம்பினார். "என் வயித்துல அடிக்க உங்க வயித்தை வெட்டிக்கணுமாண்ணே?" புலம்பிய அதே வாயோடு வண்டியைக் கொண்டுவந்து அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வராந்தாவில் கிடந்த பெஞ்சின் மட்டமான வேலைப்பாட்டைத் திட்டிக்கொண்டே அங்கேயே கிடந்தார்.

ஆபரேஷன் மேசையைப் பார்த்ததும் டன் அண்ணனுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. பிடித்து ஆட்டிப் பார்த்து, "இது எவ்ளோ தாங்கும்?" என்றார். பதில் வருவதற்குள் தொப்பென்று உட்கார்ந்தும் விட்டார். மேசை முனகக்கூட இல்லை. "நல்ல சாமான்" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுத்தான் மயக்கத்துக்குள் போனார். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, பை மாதிரி இருந்த இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி நீளக் குழாயாக்கிவிட்டார்கள். அன்றைக்கே நடக்க வைத்தார்கள்.

பிறகு தண்ணீர்கூட மடக்கு மடக்காகத்தான். ஒரு கிண்ணம் சூப்பை அவர் குடித்து முடிப்பதற்குள் அவள் ஒரு உறை தைத்துவிடுவாள். மெல்லக் கூழாக, மெல்லத் திடமாகச் சாப்பாடு மாறியது. சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் என்றார்கள். ஐஸ்கிரீமோடு பழைய சிநேகத்தைப் புதுப்பிக்கப் போய் ஒரே ஒரு தடவை வியர்த்துப் படபடத்துப் படுத்தார், அந்தச் சிநேகம் அன்றோடு முறிந்தது. உடம்பு மாதாமாதம் இறங்கியது. அவருடைய பழைய சட்டை ஒன்றில் மூன்று தலையணை உறை வந்ததாக அவள் தெருவெல்லாம் சொன்னாள்.

கடையில் என்ன செய்வது? முதலாளியே வழி கண்டுபிடித்தார். "தாங்குமா?" என்று யாராவது இழுத்தால், அண்ணன் உட்காருவார், முதலாளி போய் அவர் மடியில் உட்காருவார். அண்ணன் இளைக்க இளைக்க முதலாளி பில் புத்தகங்களையும் மடியில் அடுக்கிக்கொண்டார். இந்தக் கூத்தைப் பார்க்கவே எதிர்க்கடையிலிருந்து ஆள் வந்தது, வந்தவர்கள் வாங்கவும் செய்தார்கள்.

ஆனால் அவள் மட்டும் தூங்கவில்லை. பரிசோதனைக்குப் பிறகு மூச்சுக்காக ஒரு முகமூடி மெஷின் கொடுத்திருந்தார்கள். அவர் தூக்கத்தில் அதைப் பிடுங்கி எறிவார், அவள் எடுத்து மாட்டுவாள். காவல் இரண்டு மடங்காயிற்று. ஒரு வருஷம் ஓடி, மறுபடி பரிசோதித்து, "மூச்சு நல்லா ஓடுது, முகமூடி இனி வேண்டாம்" என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"கேட்டியா? இனிமே நீ தூங்கலாம்."

"கேட்டேன். என் கை கேக்கணுமே" என்றாள் அவள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. எதற்காக வயிற்றைக் கொடுத்தாரோ, அது இன்னும் வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். தைத்த உறையைப் புது நீல சோபாவுக்கு மாட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மாட்டினார்கள். மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லை, முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஒரு முனையில் அவர் உட்கார்ந்தார், மறுமுனையில் அவள். அவள் மேலே எழும்பவில்லை. இருவரும் அதைக் கவனித்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அலைந்த அலைச்சலில் அவர் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது முதலில் தன் நெஞ்சைத்தான் பார்த்தார். அங்கே கை இல்லை.

அவள் மறுமுனையில் சுருண்டு படுத்திருந்தாள். இரண்டு கையையும் சேர்த்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் தூங்கும்போது, அவரை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டு, அவளும் தூங்கியிருக்கிறாள். சின்னதாகக் குறட்டைகூட வந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினால் எங்கே எழுந்துவிடுவாளோ என்று அப்படியே விட்டுவிட்டார்.

வாசலில் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். டன் அண்ணன் மெதுவாக எழுந்தார். மறுமுனை அசையவே இல்லை. ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"அந்த நீல சோபா என்ன விலைங்க?" என்று அந்தப் பெண் அடிக்குரலில் கேட்டாள்.

"அது இப்ப விற்பனைக்கு இல்லம்மா" என்றார் அவர், அவளைவிட மெதுவாக. "அவ எழுந்ததும் வாங்க."