போன் காட்டியது இருபத்தெட்டு, கடை தந்தது பத்தொன்பது

போன மாதம் என் நண்பன் ரவியின் மகளுக்குச் சேரம்பாடியில் காதுகுத்து. ரவியின் மனைவி மல்லிகா இலங்கையின் ஹட்டனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தாய்மாமன் சீர் செய்ய வந்த அவள் அண்ணன் சிவலிங்கத்தைக் கோவையிலிருந்து அழைத்துப் போவது என் பொறுப்பு.

காலை ஆறரைக்குப் பேருந்து ஏறி, பத்து மணிக்கு ஊட்டியில் இறங்கினோம். சிவலிங்கத்தின் பையில் இருபதாயிரம் இலங்கை ரூபாய். "ஊட்டிக்கு வெள்ளக்காரங்க வாறாங்கதானே தம்பி, சல்லி மாத்துறது கஷ்டமில்ல" என்றார். நூறுக்கு நம் காசில் இருபத்தெட்டு என்று போனில் பார்த்து, 5,600 ரூபாய்க்கு நல்ல வெள்ளிக் கொலுசு வாங்கலாம் என்று ஊரிலேயே கணக்குப் போட்டிருந்தார் மனிதர்.

பணம் மாற்றும் கடைக்காரரோ நூறுக்குப் பத்தொன்பது என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க, இது பகல் கொள்ளை இல்லீங்களா?"

"போன்ல வர்றது பேங்க்குக தங்களுக்குள்ள மாத்திக்கிற ரேட்டுங்க. இந்த நோட்டை நான் வாங்கி வெச்சா, கேட்டு வர ஆளு வேணுமில்லீங்க?"

"சரி, நானே கேக்கறேன். எனக்கு நூறு என்ன வெலைக்குக் குடுப்பீங்க?"

"முப்பத்தஞ்சுங்க" என்றார், கூசாமல்.

நாணய மாற்று விகிதம் என்பது வேறொன்றுமில்லை. ஒரு நாட்டுப் பணத்துக்கு இன்னொரு நாட்டுப் பணத்தில் விலை. தக்காளி போல அன்றாடம் ஏறும், இறங்கும். கடைக்காரர் குறைத்து வாங்கி ஏற்றி விற்பார். டாலரைத் தேடி ஆள் வரும், அதனால் இடைவெளி குறைவு. இலங்கை ரூபாயை நீட்டினால் தலையில் மிளகாய் அரைத்துவிடுகிறார்கள்! வாசலில் 'கமிஷன் கிடையாது' என்று பலகை வேறு. விலையிலேயே உருவிய பிறகு கமிஷன் எதற்கு?

அடுத்த கடையில் அந்த நோட்டைத் தொடவே இல்லை. "குறையறத நான் போட்டர்றேனுங்க" என்றேன் சிவலிங்கத்திடம்.

"வேணாம் தம்பி. மாமன் சீர் மாமன் சல்லியிலதான் இருக்கணும்."

முதல் கடைக்கே திரும்பி, கிடைத்த 3,800 ரூபாய்க்கு மெல்லிய கொலுசு ஒன்றை வாங்கினார்.

வெளிநாட்டு உறவுகளை அழைத்துப் போகிறவர்களே, மலையேறும் முன்பே பெரிய ஊரில் இரண்டு மூன்று கடை விசாரியுங்கள். கமிஷன் பேச்சை விடுங்கள்; கையில் எவ்வளவு வரும் என்று மட்டும் கேளுங்கள். ரசீதும் வாங்குங்கள்.

கூடலூர் வழியாகச் சேரம்பாடி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விசேஷத்தில் ரவியின் அத்தை தான் வாங்கிய கனமான கொலுசைக் குழந்தைக்குப் போட்டுவிட்டு, சிவலிங்கம் வாங்கியதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "ஏனுங்க, கடல் தாண்டி வந்த சீரு இவ்ளோ லேசா இருக்குதுங்க?"

சிவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பணம் மாற்றிய கடைக்காரரைச் சபையில் இழுக்க நான் வாயெடுப்பதற்குள் மல்லிகா எழுந்தாள். அத்தை போட்டுவிட்ட கொலுசைக் குழந்தையின் காலிலிருந்து கழற்றி அவர் கையிலேயே வைத்தாள். அண்ணன் வாங்கியதை மாட்டிவிட்டாள்.