ரீத்தா அக்காவின் கழுத்து

நிப்பைக் கறுப்பு மையில் முக்கித் தாளில் இழுக்கும்போது வரும் அந்தக் 'கிர்ர்' சத்தம், பதினான்கு வயதில் எனக்குத் தலைக்கேறிய போதையாக இருந்தது. அழுத்தினால் கோடு தடிக்கும், கையைத் தூக்கினால் மயிரிழையாக மெலியும், ஒரே இழுப்பில் ஒரு மந்திரியின் தொந்தியும் திமிரும் சேர்ந்து வந்துவிடும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, எங்கள் ஊரான காரோட்டில் என் கண்ணில் பட்ட எவரையும் நான் விட்டுவைக்கவில்லை.

அப்போது கடலோரக் குடியிருப்பான கடப்புறத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவர் ரீத்தா அக்கா. தலையில் மீன் நிறைந்த அலுமினியச் 'சருவம்' இருக்கும். இன்னொருவர் பிடித்துக்கொடுத்தால்தான் அதை இறக்க முடியும். வாசலில் நின்று, "மக்கா, வந்து ஒரு கை பிடி" என்பார். நான்தான் ஓடுவேன். சருவத்தைத் தூக்கும் அந்த நொடியில், வருடக்கணக்கான பாரத்தில் தோளுக்குள் இறங்கிப்போன அவருடைய கழுத்து என் மூக்குக்கு நேரே இருக்கும். சாளை மீனும் வியர்வையும் மணக்கும்.

அந்த வருடப் பஞ்சாயத்துத் தேர்தலில், கடப்புறத்துக் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று சொல்லி ரீத்தா அக்கா சுயேச்சையாக நின்றார். எதிர்த்து நின்றவருக்கு என் அண்ணன் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தான். "ஏட்டி, ஒரு படம் வரைஞ்சு தா" என்றான். உச்சியில் சருவம், அதன் கீழே நிப்பை முழுக்க அழுத்தி ஒரே தடித்த கோடு. ஆமையைப் போலத் தோளுக்குள் புதைந்த தலை. முகம் வரையவில்லை, பெயரும் எழுதவில்லை. ஊரே ஆளைக் கண்டுபிடித்துச் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெட்கங்கெட்ட பெருமை!

அம்மா மட்டும் நோட்டீசைப் பார்த்துவிட்டு, "அவளுக்க சருவத்தைப் பிடிச்ச கையாக்கும் இதை வரைஞ்சது" என்றாள்.

ரீத்தா அக்கா தோற்றார். மறுவாரம் மீனோடு வந்தபோது, ஒன்றும் நடக்காததுபோல ஓடிப்போய்க் கைநீட்டினேன்.

"வேண்டாம் மக்கா, நானே எறக்குவேன்."

மதிலில் ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, தனியாக இறக்கினார். பாதிச் சாளை மண்ணில் கொட்டியது. அதைப் பொறுக்கிக்கொண்டே, "படம் கண்டேன். கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. என் கழுத்தை நான் பின்னால நின்னு கண்டதில்லையே. இப்படியாக்கும் இருக்கும், இல்லியா?" என்றார். திட்டியிருக்கலாம், கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். மன்னிப்பு வாய்வரை வந்து நின்றது. பிறகும் எத்தனையோ நாள் காலையில் வந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் கை பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்கு மீன் ஸ்கூட்டரில் பெட்டியோடு வருகிறது. ஹாரன் கேட்டுப் போய் வாங்குகிறோம். ரீத்தா அக்கா இறந்து வெகுகாலமாயிற்று. நான் பத்திரிகைக்குக் கார்ட்டூன் வரைகிறேன், அதுவும் கம்ப்யூட்டரில். மையும் இல்லை, 'கிர்ர்' சத்தமும் இல்லை. தலைவர்களின் மூக்கையும் தொந்தியையும் இரக்கமில்லாமல் இழுத்துவிட்டுக் கழுத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே மெல்லிய கோட்டைப் போட்டுவிடுவேன். "உங்க தலைவர்களுக்கெல்லாம் ஒரே கழுத்துதானா?" என்று ஆசிரியர் கேலி செய்வார். சிரித்து மழுப்புவேன்.

சின்ன வயசு, யோசிக்காமல் வரைந்துவிட்டேன் என்றுதான் இதுவரை சொல்லிவந்திருக்கிறேன். பொய். அந்தக் கழுத்து எதனால் அப்படி ஆனது என்று ஊரில் எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நிப்பை அழுத்தினேன்.