‘இருக்காங்க’ என்றால் எங்கே?

தையல்காரி எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘எங்கேக்கா’. கத்தரிக்கோல் இருக்கு என்றால் எங்கே என்பாள், சாவி இருக்கு என்றால் எங்கே என்பாள். எடுத்துக் காட்டினால்தான் விடுவாள். பிள்ளைகளுக்கு அது சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் சபையின் வெள்ள நிவாரணக் குழுவில் நான் படகு ஓட்டுகிறவன், அவள் ஆள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பகலில் ஆறு கரையை உடைத்தது. பிரார்த்தனைக் கூடத்தின் மாடிதான் எல்லாருக்கும் அடைக்கலம். அக்கா மேல்படியில் நோட்டோடு நின்று, ஏறி வருகிறவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டு டிக் அடித்தாள். ரொட்டிக்கடைக்காரர் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

“அம்மா இருக்காங்களா?” என்று கேட்டாள் அக்கா.

“இருக்காங்கம்மா.”

டிக் விழுந்தது. அவருடைய அம்மா ஒரு வருடமாகப் படுத்த படுக்கை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவரிடம் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள், இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்ற அர்த்தத்தில். பாவி மனுஷன் பழக்கதோஷத்தில் அதற்கே பதில் சொல்லிவிட்டார். அம்மா வீட்டில் இருப்பது தெரிந்துதானே கேட்கிறாள், தூக்கி வரப் படகு போகும் என்று நம்பிப் பிள்ளைகளின் தலையைத் துவட்டப் போனார். “எல்லாரும் வந்தாச்சு, படகைக் கட்டிடு” என்றாள் அக்கா. கட்டினேன். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்க எனக்கு வாய் இல்லையா, என்ன?

முக்கால் மணி நேரம் கழித்து, “அம்மாவ எங்க படுக்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே அவர் மாடி முழுக்கத் தேடினார். அடித்துப்பிடித்துப் போனோம். கட்டில் தண்ணீருக்குள் கிடந்தது. உடலைத்தான் கொண்டுவந்தோம்.

அதன்பின் அவர் அக்காவிடம் பேசவே இல்லை. தையல் மெஷினை மிதித்தாலும் சோற்றில் கை வைத்தாலும் அந்த ‘இருக்காங்கம்மா’ காதில் விழுகிறது என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் போதகர், “கடவுள் இருக்கிறார்” என்றதும், “எங்கே?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். கேலி பண்ணுகிறாள் என்று சிலருக்குக் கோபம். அவர்களுக்கு என்ன தெரியும்! போதகர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

நோட்டைத் தொடவே மாட்டேன் என்றிருந்தவளை, இந்த வருட வெள்ள ஒத்திகைக்கு நான்தான் சண்டை போட்டு இழுத்து வந்தேன்.

“ரொட்டிக்கடைக்காரரு வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நோட்ட வச்சிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னக் கூப்பிடக் கூடாது,” என்றாள்.

காலையில் சைரன் ஊதியதும் குடும்பங்கள் படியேறின. அக்கா ஒவ்வொருவரையும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் டிக் அடித்தாள். அதே பழைய நோட்டு. புதிதாக எழுத யாருக்கும் தோன்றவில்லை, எங்கள் குழுவின் லட்சணம் அப்படி. ரொட்டிக்கடைக்காரர் வந்து நின்றார். அவர் கையைத் தொட்டாள், பிள்ளைகளைத் தொட்டாள். கோடு போட்டு நீக்காமல் விட்டிருந்த அடுத்த பெயரையும் அதே வேகத்தில் வாசித்துவிட்டாள்.

“அம்மா எங்கே?”

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நோட்டை மூடப் போனவளின் கையை அவர் பிடித்து நிறுத்தினார்.

“வீட்டுல, உள் ரூம்ல, கட்டில்ல படுத்திருக்காங்கம்மா. எந்திரிக்க முடியாது. தூக்க ரெண்டு பேர் வேணும்.”

மூன்று வருடமாகத் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தவர் போல, ஒரு சொல்கூடத் தடுமாறாமல் சொன்னார். அவரும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அக்கா அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். டிக் அடிக்கவில்லை. “ஸ்ட்ரெச்சர எடுத்துட்டு ஓடுங்க,” என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

இல்லாத அம்மாவைத் தூக்கி வர நானும் போதகரும் ஓடினோம்.