பத்தரை மணிக் கட்டம்

இது நடந்தது. பட்டப்பகலில், கணபதி பகுதியில், எங்கள் அலுவலகத்துக்குக் கீழே லேத் பட்டறை இரைந்துகொண்டிருந்தபோது நடந்தது. நம்பச் சொல்லவில்லை. நேரங்களை மட்டும் கவனியுங்கள்.

ஒரு மின்மயானத்துக்கு நாங்கள் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். மறுநாள் எந்த நேரத்தில் யாருக்குத் தகனம் என்று காட்டும் அட்டவணை அதில் முக்கியம். நேரம், பெயர், வயது. மயான அலுவலகத்தில் பதிவு செய்தால் இங்கே தானாக வந்துவிடும். குரோம் உலாவியில் ஒழுங்காக இருந்தது. ஃபயர்பாக்ஸில் மட்டும் பெயர்ப் பத்தி விரிந்து, வயதைத் திரைக்கு வெளியே தள்ளியது.

அட்டவணைக்கு ஒரு குணம் உண்டு. நாம் அகலம் சொல்லாவிட்டால், உள்ளிருக்கும் நீளமான பெயரை அதுவே அளந்துகொள்ளும். அன்றைய பட்டியலில் நீளமான பெயர் செங்கோடன். அதற்கு இவ்வளவு இடம் வேண்டாம்.

மதியம் 3.52. எங்கே இடிக்கிறது என்று பார்க்க எல்லாக் கட்டங்களுக்கும் சிவப்புக் கோடு போட்டேன். நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். காலை 10.30 வரிசையில் பெயரே இல்லை. ஆனால் அந்தக் காலிக் கட்டத்துக்குள் 142 பிக்சல் நீளத்துக்கு எழுத்து இருப்பதாகக் காட்டியது...

பக்கத்து நாற்காலியிலிருந்து கிருபாசங்கர் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க புவனா, இன்னும் அதோடயே மல்லுக்கட்டறீங்களா? நகருங்க. ஒரு பேரப் போட்டுப் பாப்போம்."

சோதனைக்கு எப்போதும் தன் பெயரைத்தான் அடிப்பான்.

"இதுல வேண்டாங்க கிருபா."

"பேரு போட்டாச் செத்தா போயிருவேன்?"

அடித்தான். ஒரு பிக்சல் மிச்சமில்லாமல் பொருந்தியது. வயதுப் பத்தி நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

4.09. வயதுக் கட்டத்தில் 29 என்று வந்தது.

"வயசையும் போட்டீங்களா?"

"இல்லீங்க..."

அவனுக்கு இருபத்தொன்பதுதான்.

கீழே லேத் நின்றது.

4.12. பெயரை அழித்தேன். அட்டவணை மறுபடி உடைந்தது. உடையட்டும் என்று விட்டேன்.

அன்று மாலை அவன் பைக்கில் காரமடை போக வேண்டும். சாவியைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தான். பக்கத்து வீதியில் அவன் அக்கா வீடு. அங்கே கொண்டுபோய் விட்டேன். இரவில் மூன்று முறை போன் செய்தேன்.

"இருக்கேனுங்க."

மூன்று முறையும் அவ்வளவுதான் சொன்னான்.

விடிந்தது.

10.30. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

10.31... 10.32...

மூச்சு வந்தது. ஃபயர்பாக்ஸைத் திறந்தேன்.

முந்தின நாள் உடைந்த அதே அட்டவணை நேராக இருந்தது.

நான் எதையும் திருத்தவில்லை.

10.30. மானசாதேவி. வயது 9.

வெளியே போய் மயான அலுவலகத்துக்கு போன் செய்தேன். பதிவு பார்க்கும் லட்சுமியம்மாள் எடுத்தார்.

"ஆமாங்க அம்மணி. டியூசன் போற வழியில லாரி மோதிருச்சு. நேத்து சாயந்தரம் அஞ்சே முக்காலுக்குங்க."

"எப்பப் பதிவு பண்ணுனீங்க?"

"ராத்திரி எட்டு மணிக்குத்தான் அவங்க அப்பா வந்தாருங்க. அப்பத்தான் பதிஞ்சேன்."

அவர் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆனா கம்ப்யூட்டர்ல நாலு பதிமூணுன்னு காட்டுதுங்க அம்மணி. அப்ப அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துல இருந்திருக்கும்..."