ஷாஃப்ட்டுக்குள் சொன்ன பல்லி

வேலம்பாளையத்தில் நான் வேலை செய்யும் பட்டறைக்குச் சாயப்பட்டறைகளிலிருந்து தேய்ந்துபோன ஷாஃப்ட்டுகள் வரும். தேய்ந்த இடத்தில் நிக்கல் கலவைப் பொடியை உருக்கித் தெளித்து, அதன்மேல் லேசரை ஓட்டுவோம். பூச்சு இன்னொரு தடவை உருகி இரும்போடு இறுகிக்கொள்ளும். லேசர் ஓட்டுவது நான். கதிர் கண்ணுக்குத் தெரியாது. பூட்டிய தகர அறைக்குள் ஷாஃப்ட் தானாகச் சுற்ற, அதன்மேல் ஒரு வெளிச்சப் பொட்டு ஊர்ந்துபோவது மட்டும் திரையில் தெரியும். எத்தனை பழகினாலும் அதைத் தனியாக உட்கார்ந்து பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

அன்றைக்கு ஷாஃப்ட்டை வாங்கிப்போக என் அண்ணனே வந்திருந்தார். அவரும் அண்ணியும் ஒரே சாயப்பட்டறையில் வேலை. ஈரத் துணியைச் சுழற்றித் தண்ணீரை வடிக்கும் ஹைட்ரோ மெஷின்கள் அவர்கள் பொறுப்பு. அவற்றின் டிரம்மைத் தாங்கிச் சுழற்றும் தண்டுதான் இந்த ஷாஃப்ட். லேசர் முடிந்து நான் கதவைத் திறக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. லேசரைக் குளிரவைக்க எந்நேரமும் ஓடிக் காதை அடைக்கும் கூலரின் இரைச்சலும் நின்றது. அந்த அமைதியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“பல்லி சொல்லுது அம்மிணி” என்று அண்ணன் மேஜையை விரலால் தட்டினார். நானும் தட்டினேன். பல்லி சொன்னால் எங்கள் பக்கத்தில் யார்தான் யோசித்துவிட்டுத் தட்டுகிறார்கள்?

“போன ஷாஃப்ட் வாங்கறப்பவும் கரண்ட் இல்ல, பல்லி சொல்லுச்சு. அது ஜம்முனு ஓடுது” என்றார்.

மறுபடி டிக். பூச்சிகூட நுழையாத அந்த அறையில் பல்லிக்கு என்ன வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த டிக் சுவரிலிருந்து வரவில்லை, ஷாஃப்ட் கிடந்த இடத்திலிருந்து வந்தது. தட்டப்போன அண்ணனின் விரல் அந்தரத்தில் நின்றது.

சூடு ஆறும்போது பூச்சு விரிசல் விடலாம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. நன்றாக ஆறவிட்டு, விரிசல் பார்க்கும் சிவப்புத் திரவத்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளைக்கு அடியிலிருந்து முடி போன்ற சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

“அப்ப போன தடவ வாங்கிட்டுப் போன ஷாஃப்ட்டு?” என்றார் அண்ணன். “உங்க அண்ணி அந்த மெஷின்லதான் நிக்கறா.”

அந்த வேகத்தில் ஷாஃப்ட் ஒடிந்தால் டிரம் பிய்த்துக்கொண்டு வரும். அவர் போன் போட்டார். அண்ணி எடுத்தார். பின்னால் மெஷின் உறுமுவது எனக்கே கேட்டது.

“ஆஃப் பண்ணு! பண்ணீட்டு வெளிய ஓடு!”

“ஆஃப் பண்ணீட்டனுங்க. எதுக்கு ஓடோணும்? துணிய எடுத்துப் போட்டுட்டு வர்றனுங்க.”

சுவிட்சை அணைத்ததும் நிற்கிற மெஷின் அல்ல அது. “ஓடு புள்ள!” என்று அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார். அண்ணியின் சத்தம் இல்லை. உறுமல் மட்டும் மெல்ல மெல்ல இளைத்து, முனகலாகி, அடங்கியது.

“நின்னுருச்சு பாருங்க. இதுக்குப் போய் இப்படிக் கத்தறீங்க” என்றார் அண்ணி.

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்து அழுதார்.