புஷ்பபாயின் இங்கிலாந்து

காவல் நிலையத்துக் குறிப்பின்படி புஷ்பபாய் ஓர் எல்லைப் போராட்டக்காரி, வீட்டில் பெண்களைக் கூட்டிக் கோஷம் போடப் பயிற்சி கொடுப்பவர், கண்காணிக்கப்பட வேண்டியவர். உண்மையில், சபையின் மாதர் கூட்டத்தில்கூட வாசலோரம் உட்கார்ந்து, ஜெபம் முடியுமுன்னே செருப்பைத் தேடுகிறவர் அவர்.

அது ஐம்பத்து நாலாம் வருடம். இந்த மண் சென்னையோடு சேருமா, திருவனந்தபுரத்தோடே கிடக்குமா என்று பாறசாலைப் பக்கத்து ஊர்களெல்லாம் அடித்துக்கொண்டிருந்தன. புஷ்பபாயின் கவலையோ மூன்றாவது ஒரு நாட்டைப் பற்றியது. நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்து போக விரும்பும் பெண்களுக்கு, தனுவச்சபுரத்தில் தன் வீட்டில், சனிக்கிழமைதோறும் ஆங்கிலமும் அந்த ஊர் நடப்பும் சொல்லிக்கொடுத்தார். இங்கிலாந்தை அவர் கண்டதில்லை. மிஷன் பங்களாவில் ஒரு துரைசானியிடம் எழுத்து வேலை பார்த்ததில் கிடைத்த இங்கிலாந்து அது. அதைப் பற்றி அவருக்கு இருந்த உறுதி, போய் வந்தவர்களுக்கு இருக்க வழியில்லை.

"கதவத் தட்டாம கேறப்பிடாது. எங்க போறியன்னு கேக்கப்பிடாது. சம்பளம், கல்யாணம், மூச்சு விடப்பிடாது. ஒண்ணும் தோணல்லன்னா மழையப் பத்திப் பேசணும்."

இதெல்லாம் படிந்தது. படியாதது 'வேண்டாம்' ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தில் காப்பி நீட்டினால் வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவையும் வேண்டாம். அப்புறம் வீட்டுக்காரி கோபிப்பாள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். நீட்டியதும் கை நீட்டுகிறவளை ஊர் லேசில் மறக்காது.

மாணவிகளில் கெட்டிக்காரி சரோஜம். போன வருடம் திருவனந்தபுரத்தில் ஆள் எடுக்க வந்த வெள்ளைக்கார அம்மாள் அவளிடம், "இங்கிலாந்து போக விருப்பமா?" என்று கேட்டாள். சரோஜம் அடக்கமாகத் தலையைக் குனிந்து, "நோ, தேங்க் யூ" என்றாள். மறுபடி கேட்பாள் என்று காத்து நின்றாள். அம்மாள் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டாள்.

"உனக்க வாயில நீயே மண்ண வாரிப் போட்டியே பிள்ளே!" என்றார் புஷ்பபாய்.

"அவிய ஒரு தடவகூட நிர்பந்திக்கல்லியே டீச்சரே!" என்று அழுதாள் சரோஜம்.

இந்த வருடம் விட்டால் வயது கடந்துவிடும். புஷ்பபாய் மற்றப் பாடங்களை மூட்டை கட்டினார். அவித்த மரச்சீனிக் கிழங்கைத் தட்டில் வைத்து நீட்டுவார். 'நோ' என்றால் தட்டு அடுக்களைக்குத் திரும்பிவிடும். மற்றப் பெண்கள் ஒரே சனிக்கிழமையில் திருந்தினார்கள். சரோஜம் வாரக்கணக்கில் பட்டினியாகவே வீட்டுக்குப் போனாள். கடைசியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தித் தொண்டை கிழியச் சொல்லவைத்தார்: "யெஸ், ப்ளீஸ்! யெஸ், ப்ளீஸ்!"

வெளியே தடையுத்தரவு. கூட்டம் கூடக் கூடாது, கோஷம் போடக் கூடாது. ரோட்டில் போன போலீஸ்காரருக்கு வார்த்தை விளங்கவில்லை. கோஷம் என்பது விளங்கியது.

போராட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ராஜதாஸுக்கு வேறு கோபம். "நாடு பத்தி எரியுது. நீங்க வெள்ளக்காரிக்குத் தலையாட்டப் படிப்பிக்கிய. வெக்கமில்லியா டீச்சரே?"

"எலே, உனக்கு வேணும்னு நீ தெருவில நின்னு கத்துத. எனக்க பிள்ளைய வீட்டுக்குள்ள கத்துது. போலே சோலியப் பாத்துட்டு."

ஆள் எடுக்கும் நாள் வந்தது. சரோஜத்தைத் திருவனந்தபுரம் கூட்டிப்போகச் சேலை மாற்றி நின்ற புஷ்பபாயை, உடனே காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

சரோஜத்தின் முகம் வெளுத்தது. "தனியாட்டா டீச்சரே? அப்பம் நான் போகல்ல."

"ஒரு தடவதான் கேப்பேன். போறியா?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏசினார். சரோஜம், "யெஸ், ப்ளீஸ்" என்று முனகிவிட்டு ஏறினாள்.

நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணன்குட்டி, "டீச்சரே, வீட்டில் எந்தா பரிபாடி?" என்று, அங்கே நடப்பதை மலையாளத்தில் விசாரிக்க ஆரம்பித்தார். புஷ்பபாய் மரச்சீனித் தட்டு முதல் எல்லாவற்றையும் ஒப்பித்தார். கிருஷ்ணன்குட்டி பேனாவைக் கீழே வைத்தார்.

"கேட்டால் உடனே வேணும்னு சொல்லப் பெண்களுக்குப் பயிற்சி. இதல்லே டீச்சரே சமரம்?"

இதுதானே போராட்டம் என்று அவர் சொன்னது புஷ்பபாய்க்கும் சரியாகவே பட்டது. எரிச்சலே அதுதான். போலீஸ்காரர் ஒருவர் காப்பியை நீட்டினார். "வேண்டாம்" என்றார் புஷ்பபாய். காப்பி போய்விட்டது. சாயங்காலம் வரை பெஞ்சில் பசியோடு இருந்து, தன் நாக்கையே சபித்துக்கொண்டார்.

அவரை வெளியே விட்டபோதும் நிலையத்துக் குறிப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. வீட்டு நடையில் சரோஜம் காத்திருந்தாள்.

"கேட்டாவளா?"

"ஒரே தடவையாக்கும் கேட்டாவ."

"நீ?"

"அவிய கேட்டு முடிக்கதுக்கு முன்னயே சொல்லிட்டேன் டீச்சரே. எடுத்துட்டாவ."

அடுத்த வருடம் சரோஜம் கப்பல் ஏறினாள். புஷ்பபாய் ஒரு பெண்ணுக்கு, தனக்கு வேண்டியதை முதல் தடவை கேட்கும்போதே வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்.