காலேஜ் வாசலில் ஒரு புது வேட்டி

அம்பத்தூர்ப் பட்டறையில் மெஷின் பெல்ட் என் கையை இழுத்துக்கொண்டது எந்த வருஷம் என்று சரியாக நினைவில்லை. எங்கள் ஊர் மேனாம்பேட்டில் அப்போது பாதி வயல்தான். நாற்று நட்ட கையோடுதான் நாங்கள் பட்டறைக்கு வந்தோம். எனக்கு ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்களே பயந்து நழுவினார்கள். கொடுத்தது, தொண்டாகக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஒரு காலேஜ் பையன்.

மறுநாள் என்னைப் பார்க்கவும் வந்திருக்கிறான். நான் மயக்கத்தில் கிடந்தேன். "எழுப்ப வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டான் தம்பி" என்றார் நர்ஸம்மா. எந்தக் காலேஜ் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது; பேரை அவரும் கேட்கவில்லை.

கை ஆறியதும் அம்மா என்னை அந்தக் காலேஜ் வாசலுக்குக் கூட்டிப் போனாள். கையில் புது வேட்டி. சட்டை என்றால் அளவு தெரிய வேண்டுமே.

"யாரும்மா வோணும்?" என்றார் வாட்ச்மேன்.

"எம் புள்ளைக்கு ரத்தம் குட்த்த புள்ள."

"பேரு இன்னா?"

"தெரியாது நைனா."

"மூஞ்சியாச்சும் தெரியுமா?"

"அத்தப் பாக்கத்தானே வந்துகீறோம்!"

அவர் சிரித்துவிட்டார். மணி அடித்ததும் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். கலாட்டா செய்கிற பயல்கள் என்று நான் எப்போதும் திட்டுகிற கூட்டம். அன்றைக்கு எந்த முகத்தைப் பார்த்தாலும் இவனாக இருக்குமோ என்று தோன்றியது. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பையன் போன பிறகும் அம்மா நகரவில்லை.

அவனுக்கும் இப்போது தலை நரைத்திருக்கும். டீக்கடையில் என் வயசுக்காரர் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இன்றைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.